ஒரே கொறங்காடு, ஓராண்டு: புதிதாகக் கேமரா பிடிப்பவர்களுக்கு

கேமரா வாங்கிய முதல் மாதத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வால்பாறை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊட்டி, அதற்கடுத்தது கொடிவேரி. இரண்டாயிரம் படங்கள் சேர்ந்தன. ஒன்றுகூட என்னுடையதாக இல்லை. அந்த மலை வளைவில் யார் போய் நின்றிருந்தாலும் அதே படம்தான் வந்திருக்கும்.

என் பிழைப்பு கல்யாணப் படம். முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும்தான் எனக்கென்று படம் எடுக்க அதிக நேரம் கிடைக்கும் மாதங்கள். நல்லவேளையாக, கொங்குச் சீமையில் வானம் பார்க்கத் தகுந்த மாதங்களும் அவைதான். ஊர் ஊராக அலைவதை விட்டுவிட்டு, காங்கேயத்துக்கு வெளியே ஒரே ஒரு கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்குத் திரும்பத் திரும்பப் போக ஆரம்பித்தேன். நிலக்காட்சி, நிலவொளி, மனித முகம் மூன்றையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வழியும் அதுதான்: ஓர் இடத்தைப் பிடியுங்கள், ஓராண்டு விடாதீர்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் இடமாக இருக்கட்டும். அதற்கு மேல் தூரமானால் அதிகாலை நாலரை மணிக்கு எழ மனம் வராது; நமக்கு வேண்டிய ஒளி அப்போதுதான் வரும். கோபிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தடப்பள்ளி வாய்க்கால் பாசன வயல், பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, பவானிக்காரர்களுக்கு ஆற்றங்கரை. பெயர் பெற்ற இடமாக இருக்க வேண்டியதில்லை, இல்லாமல் இருப்பது நல்லது.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொறங்காடு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மழையை மட்டும் நம்பி விடப்பட்ட மேய்ச்சல் நிலம் அது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடை விரித்தாற்போல் வெள்வேல மரங்கள். நுழைய ஒரு படல். உள்ளே காங்கேயம் மாடுகளும் செம்மறிகளும். பார்த்தால் வெறும் காடு. மூன்றாவது முறை போகும்போதுதான் அது கண்ணில் படத் தொடங்கும்.

முதல் இரண்டு முறை கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சொன்னால் யாரும் கேட்பதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு சிறிய நோட்டில் நான்கு விஷயங்கள் குறித்தால் போதும். சூரியன் எந்த மரத்தின் பக்கம் எழுகிறது, எங்கே இறங்குகிறது? தனித்து நிற்கும் மரம் எது? எந்தத் திசையில் நின்றால் மின்கம்பிகள் படத்தில் விழாது? கிணறு எங்கே இருக்கிறது? கடைசிக் கேள்வி கலைக்காக அல்ல, உயிருக்காக. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் நம் பக்கம் நிறைய உண்டு. கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டு பின்னால் நகர்கிறவனுக்கு அது தெரியாது. நான் விழுந்தது வாய்க்காலில்தான். போனது ஒரு லென்ஸ் மட்டும்.

நிலத்துக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போவது அடுத்தது. கேட்காமல் படலைத் திறப்பது மரியாதை அல்ல; நாய்களும் அதை ஏற்றுக்கொள்வதில்லை. நான் போய்க் கேட்டபோது அந்த வீட்டு ஆத்தா, "எங்கள் காட்டில் படம் பிடிக்க என்ன இருக்கிறது சாமி?" என்று கேட்டுவிட்டு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். பதில் சொல்ல எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது.

நிலம், காற்று, வெள்ளை மாடு

கோவை சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, மலையைப் படம் எடுக்க மாலையில் போவது. நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலை மேற்கே இருக்கிறது. மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால், மலை கரிய நிழலாகத்தான் கிடைக்கும். வெள்ளியங்கிரியின் மடிப்புகளும் பாறை முகமும் தெரிய வேண்டுமானால் விடியலில் போங்கள். கிழக்கிலிருந்து வரும் முதல் வெயில் நேராக மலை முகத்தில் விழும். கரிய நிழல்தான் வேண்டுமென்றால் மாலை சரி.

நம்முடையது 11 டிகிரி அட்சரேகை. சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. ஐரோப்பியப் புத்தகங்களில் படித்த நீண்ட அந்தி இங்கே கிடையாது. சூரியன் மறைந்து சுமார் 20 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டியதை எடுத்துவிட வேண்டும். அதனால் முக்காலியை முன்பே நிறுத்தி, சட்டகத்தை முன்பே முடிவு செய்து, ஒளி வரும்வரை உட்கார்ந்திருப்பதுதான் வழி. எதற்கும் ஒரு தூக்குப் போசியில் பழைய சோறு கொண்டுபோங்கள்.

தொடக்க அமைப்பு: ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப்/8 அல்லது எஃப்/11, ஷட்டரை (ஒளி உள்ளே வரும் நேரத்தை) கேமராவே முடிவு செய்யட்டும். கையில் பிடித்து எடுத்தால் ஷட்டர் வேகம் லென்ஸின் குவியத் தூரத்துக்குக் கீழே போகக் கூடாது, 50 மி.மீ. லென்ஸ் என்றால் குறைந்தது 1/50 நொடி. போனில் எடுப்பவர்கள் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும். போன் போதாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நிலவொளிக்கு வரும்வரை.

சமவெளியில் படம் தட்டையாக வருகிறது என்பது பலரின் குறை. நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் அப்படித்தான் வரும். மண்டியிடுங்கள். புல் நுனிகள் தொடுவானத்தைத் தாண்டட்டும். ஆடி மாதமானால் சட்டகத்தில் மூன்றில் இரண்டு பங்கை வானத்துக்குக் கொடுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் நமக்கு வருகிறது. மழையைப் பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, மேகத்தையும் காற்றையும் மட்டும் அனுப்பிவைக்கிறது. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். மேக நிழல்கள் கிழக்கு நோக்கி ஓடும். ஒரு மரத்தின் மீது மட்டும் வெயில் விழும் அரை நிமிடத்துக்காகக் காத்திருங்கள். சுற்றிலும் இருண்டிருக்கும்போது அந்த மரம் தனியே எரியும்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் ஒன்றரைக் கிலோ முக்காலி எம்மாத்திரம்? பையை முக்காலியில் தொங்கவிடச் சொல்வார்கள். பலத்த காற்றில் அந்தப் பையே ஊசலாடிப் படத்தைக் கெடுக்கும். பையைத் தரையில் வைத்து, ஒரு கயிற்றால் முக்காலியோடு இறுக்கிக் கட்டுங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால் முக்காலியில் வைக்கும்போது அணைத்துவிடுங்கள். பட்டனை அழுத்தும் விரலே அதிர்வு தரும் என்பதால் இரண்டு நொடி டைமர் வையுங்கள். இத்தனைக்கும் பிறகு புல் அசையத்தான் செய்யும். அசையட்டும். கால் நொடி ஷட்டரில் மரம் அப்படியே நிற்க, கொழுக்கட்டைப் புல் தண்ணீர்போல் ஓடும். காற்றைப் படம் எடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அது.

மாடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி, உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைக்கிறது. வெளிறிய பசு சட்டகத்தை நிறைத்தால் அதை அழுக்காக்கிவிடும். வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்). திமிலும் கழுத்தும் கறுத்த மயிலைக் காளையானால் கூட்ட வேண்டாம், கருமை வெளிறிப்போகும். காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது செம்மண் நிறத்தில் இருந்து, சில மாதங்களில் சாம்பலுக்கு மாறுகின்றன. ஒரே கன்றை மாதம் ஒருமுறை, அதே மரத்தடியில் எடுத்துப் பாருங்கள். ஓராண்டு ஒரே இடத்துக்குப் போவதன் பயன் தெரியும்.

நிலா

இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன. நிலாவைப் படம் எடுப்பது ஒன்று, நிலவொளியில் நிலத்தைப் படம் எடுப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே படத்தில் செய்யப் பார்த்துத்தான் எல்லோரும் தோற்கிறோம். என் முதல் நிலாப் படத்தில் கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது. இட்லியைப் போட்டோ எடுத்தாயா என்று வீட்டில் கேட்டார்கள்.

நிலா இரவில் தெரிந்தாலும் அது வெயிலில் கிடக்கும் பாறை. வெயிலில் கிடக்கும் பாறைக்கு என்ன அமைப்போ ஏறக்குறைய அதுதான் நிலாவுக்கும். அபெர்ச்சர் எஃப்/11, ஷட்டர் ஐ.எஸ்.ஓ.வின் தலைகீழ்; அதாவது ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 1/100 நொடி. உச்சியில் தெளிவாக இருக்கும் நிலாவுக்கு இது பொருந்தும். தொடுவானத்தில் தூசிக்குள் சிவந்து எழும்போது இரண்டு மூன்று ஸ்டாப் கூடுதலாகத் தேவைப்படும். அமெரிக்க நிலக்காட்சிக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941 நவம்பர் 1 அன்று நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்துக்கு மேல் நிலாவைக் கண்டு காரை நிறுத்தியபோது ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்ற எண் மனப்பாடமாக இருந்ததால் கணக்குப் போட்டு ஒரே ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகளின் மீதிருந்த வெயில் போய்விட்டது. எஃப்/11 கணக்கை மனப்பாடம் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

நிலா பெரிதாக வேண்டுமென்றால் ஜூம் மட்டும் போதாது, நீங்கள் பின்னால் போக வேண்டும். நிலா வானத்தில் அரை டிகிரி அகலம்தான். ஒரு பொருளின் உயரத்தைப்போல் சுமார் 110 மடங்கு தூரம் தள்ளி நின்றால், அதன் உயரமும் நிலாவின் விட்டமும் சமமாகத் தெரியும். 10 மீட்டர் பனைக்கு 1,100 மீட்டர். மேட்டில் நிற்கும் ஆளுக்கு 190 மீட்டர். அங்கிருந்து 300 மி.மீ. லென்ஸில் எடுங்கள். சிவன்மலைக்கோ சென்னிமலைக்கோ மேல் நிலா எழுவதை எடுக்க, மலைக்கு மேற்கே இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இடம் பார்த்து வையுங்கள். ஆனால் நிலா எல்லா மாதமும் ஒரே இடத்தில் எழாது. சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் மார்கழியில் முழுநிலா வடகிழக்கு ஓரமாக எழும். ஆனியில் தென்கிழக்கு ஓரமாக. நிற்கும் இடம் மாதத்துக்கு மாதம் நகரும். முதல் மாதம் இடம் தவறிப்போனால் வருத்தப்பட வேண்டாம், எனக்கு நான்கு மாதம் தவறியது.

எந்த நாள் போவது? தினசரி காலண்டர் போதும். பௌர்ணமிக்கு முந்தைய நாள், சதுர்த்தசி மாலைதான் சிறந்தது. நிலா நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி எழுவதால், முந்தைய நாள் சூரியன் மறையும் முன்பே கிழக்கே ஏறியிருக்கும். அப்போது நிலத்திலும் வெளிச்சம் இருக்கும், நிலாவிலும் விவரம் தெரியும். ஒரே சட்டகத்தில் இரண்டையும் பிடிக்க முடிகிற சில நிமிடங்கள் அவை. மலைப்பக்கம் இருப்பவர்கள் பௌர்ணமிக்கு மறுநாள் விடியலில் போகலாம். கிழக்கு வெயில் மலை முகத்தில் விழும்போது நிலா மலைக்கு மேலே இறங்கிக்கொண்டிருக்கும். கோவைக்காரர்களுக்கு மட்டும் கிடைத்த கொடுப்பினை அது.

இனி நிலவொளியில் நிலத்தை எடுப்பது. முழுநிலவின் ஒளி, வெயிலில் சுமார் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. அரைநிலா அதில் பாதி தரும் என்று எண்ணாதீர்கள், பத்தில் ஒரு பங்குதான் தரும். ஆகவே பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களே நமக்கு. முக்காலி கட்டாயம். 18 மி.மீ. லென்ஸ், எஃப்/4, ஐ.எஸ்.ஓ. 800, 15 நொடி என்று தொடங்குங்கள். இருட்டில் தானியங்கி ஃபோகஸ் வேலை செய்யாது. மரத்தின் மீது டார்ச் அடித்து ஃபோகஸ் செய்து, உடனே மேனுவலுக்கு மாற்றி, டார்ச்சை அணையுங்கள். ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பாக எடுங்கள். நிலா சட்டகத்துக்கு வெளியே, உங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கட்டும். பக்கவாட்டு ஒளியில்தான் மரத்துக்கு உருண்டை வடிவம் வரும். மார்கழிப் பௌர்ணமியில் நள்ளிரவில் நிலா ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே போய்விடும், அப்போது நிழலே இருக்காது. எழுந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

15 நொடியில் கேமரா பார்ப்பதை நம் கண் பார்ப்பதில்லை. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நீல வானம், பச்சைப் புல், செம்மண் எல்லாம் வந்துவிடும். என் முதல் நிலவொளிப் படத்தை ஆத்தாவிடம் பெருமையாகக் காட்டினேன். "பகலில் எடுத்ததுதானே கண்ணு, வானத்தில் என்ன புள்ளி புள்ளியாக இருக்கிறது?" என்றார். அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து ஒளிமானி சொல்வதைவிட ஒரு ஸ்டாப் குறைத்து, படத்தின் நிறச் சாயலை முடிவு செய்யும் ஒயிட் பேலன்ஸை 4,000 கெல்வினுக்குக் கொண்டுவந்து எடுக்கிறேன். படம் இரவு போலத் தெரிய, கொஞ்சம் தெரியாமலும் இருக்க வேண்டியிருக்கிறது.

இரவில் தனியாகப் போகாதீர்கள். நிலத்துக்காரருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். கண்ணாடி விரியன் உள்ள காடுகள் இவை, முழங்கால் வரை மூடும் பூட்ஸ் அணியுங்கள். காட்டுப்பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்கம்பி இழுத்த வேலிகளும் உண்டு. சத்தியமங்கலமும் ஆனைமலையும் புலிகள் காப்பகங்கள்; யானை நடமாடும் அந்தச் சாலைகளில் நிலாவுக்காக வண்டியை நிறுத்துவது பைத்தியக்காரத்தனம்.

மனிதர்கள்

ஒரே இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தால் முகப்படத்தில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஐந்தாவது முறை போகும்போது நீங்கள் படலைப் போல அங்கே ஒரு பொருள். யாரும் உங்களைப் பார்த்து விறைப்பதில்லை. தூரத்தில் ஒளிந்து ஜூம் லென்ஸில் எடுப்பதை நான் விரும்புவதில்லை. வேட்டைக்குப் போனவன் எடுத்த படம் போலிருக்கும். 50 மி.மீ. லென்ஸோடு இரண்டு மீட்டர் தூரத்தில், பேசிக்கொண்டே எடுங்கள். எஃப்/2.8, 1/250 நொடி, உங்களுக்கு அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ்.

கைக்கு வேலை இருக்கும் மனிதர் முகத்தை மறந்துவிடுகிறார். பால் கறப்பவர், கடலைச் செடி பிடுங்குபவர், பவானியில் ஜமக்காளத் தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவர், கவுந்தப்பாடிப் பக்கம் கரும்புப் பாகு கிண்டுபவர். பாகு கொதிக்கும் கொப்பரைக்கு எதிர்ப்பக்கம் வெளிச்சம் இருக்கும்படி நின்றால் ஆவி முழுவதும் ஒளிரும். லென்ஸ் பிசுபிசுக்கும், துணி கொண்டுபோங்கள்.

உச்சிவெயிலில் கண்குழி இருண்டுவிடும். மரத்தடி நிழலும் ஏமாற்றும், முகத்தில் புள்ளிப் புள்ளியாக வெயில் விழும். ஓட்டு வீட்டுத் திண்ணைக்கு இணை எந்த ஸ்டூடியோவும் இல்லை. வாசலைப் பார்த்து அவர் உட்கார, வாசலின் வெளிச்சம் கண்ணில் ஒரு புள்ளியாகத் தெரியும். நம் பெரியவர்களின் வெள்ளை வேட்டியும் தலையில் கட்டிய உருமாலும் வெயிலில் வெளுத்துப்போகாமலிருக்க அரை ஸ்டாப் குறையுங்கள். பிறகு படத்தைத் திருத்தும்போது முகத்தின் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கூட்டலாம். கொஞ்சம்தான். முகத்தை வெளுக்கச் சொல்லிக் கேட்கும் கல்யாண வீடுகளுக்குப் பதினைந்து வருடம் வெளுத்துக் கொடுத்தவன் சொல்கிறேன்: கறுப்பு முகத்தைக் கறுப்பாகவே விடுங்கள். வெயிலில் நின்ற தோலில் விழும் ஒளியின் மினுமினுப்பு வெளுத்த தோலில் வருவதில்லை.

சந்தைக்கும் போய்ப் பழகுங்கள். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரை, மாட்டுச் சந்தையில் ஒரு நாள் நின்றால் கூட்டத்தில் கூச்சம் போய்விடும். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசும் இருவரைப் பாருங்கள். பேச்சு கைகளில் நடக்கும், தொகை முகத்தில் தெரியும். முகத்தை எடுங்கள்.

எடுக்காமல் விட வேண்டியதும் உண்டு. ஒரு சந்தையில் காளையை விற்ற பெரியவர் ஒருவர், காளை போன பிறகு கயிற்றை மட்டும் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை. எடுத்துவிட்டேன். பிறகு அருகில் போய்த் திரையைக் காட்டிக் கேட்டேன். அவர் வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். அவர் எதிரிலேயே அழித்தேன். நல்ல படம்தான். முன்கூட்டிக் கேட்டால் இயல்பு போய்விடும் என்றால் எடுத்த பிறகாவது கேளுங்கள், வேண்டாம் என்றால் அழியுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றவர்களிடம் கேட்க வேண்டும். குளிக்கிற இடம், துக்க வீடு, இரண்டிலும் கேமரா பையைவிட்டு வெளியே வரக் கூடாது.

வீட்டுக்கு வந்த பின்

அன்றிரவே படங்களைப் பார்க்காதீர்கள், எல்லாம் நன்றாகவே தெரியும். ஒரு வாரம் கழித்துப் பார்த்து நூறுக்கு மூன்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றில் மனிதர் இருந்தால் எட்டுக்குப் பத்து அளவில் பிரிண்ட் போட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். போனில் அனுப்பினால் அவர் பேரன் மட்டும்தான் பார்ப்பான்.

கன்றுக்குத் தண்ணீர் காட்டும்போது அது முட்டியதில் ஆத்தா வாய்விட்டுச் சிரித்த படம் ஒன்று என்னிடம் உண்டு. முடி கலைந்து, ஒரு கண் சுருங்கி, விடியலின் முதல் வெயில் கன்னத்தில். ஓராண்டில் நான் எடுத்ததில் அதுதான் முதல் இடம். பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கன்று நன்றாக விழுந்திருக்கிறது. நான்தான் பைத்தியம் மாதிரி இருக்கிறேன்" என்றார். தலை சீவி, நல்ல சேலை கட்டி, காளைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பதுபோல் ஒன்று எடுத்துத் தரச் சொன்னார். இப்போதெல்லாம் எல்லோருக்கும் இரண்டு படம் எடுக்கிறேன், அவர்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஆத்தாவுடையது இன்னும் பாக்கி. வருகிற சதுர்த்தசி அன்று மாலை நிலா எடுக்க வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். காளையைக் குளிப்பாட்டி வைக்கிறேன், வெளிச்சம் போவதற்குள் வந்துவிடு என்றிருக்கிறார்.